புதுவைக் கோட்டை வரலாறு – 17: முதற் கல் எவருக்கு?

1761-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயக் கர்னல் கூட்டிடம் சரணடைந்ததையும், அதனையடுத்துச் சென்னைக் கவர்னர் பிகட்டின் உத்தரவின்படி கோட்டையும் மதிலும் மாளிகைகளும் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டதையும் சென்ற இதழில் கண்டோம். அந்த இடிபாட்டின்மீது ஊர் மறுபடி எழுந்த கதையைச் சொல்லவேண்டிய கட்டத்துக்கு இப்போது வந்திருக்கிறோம். ஆயினும், எந்தத் தெரு எப்போது போடப்பட்டது, எந்த அதிகாரி எவ்வளவு செலவு செய்தார் என்ற விவரங்களுக்குள் புகுவதற்கு முன்னால், பாழாகிப்போன ஊருக்குத் திரும்பிவரும் எந்தச் சமூகத்தின் முன்னும் வந்து நிற்கும் பழைய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வது இந்த அத்தியாயத்துக்குப் பொருத்தமாக இருக்கும். முதற் கல்லை எங்கே வைப்பது? தன் வீட்டிலா, தான் தொழும் தெய்வத்தின் வீட்டிலா?

நான் குடியிருக்கும் முதலியார்பேட்டை, கடலூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை அரியாங்குப்பத்து ஆற்றைக் கடந்து பட்டணத்தை நெருங்கும் வழியில் அமைந்த ஊர். இன்று இதைப் பலரும் அறிந்திருப்பது 1898-இல் இங்கே எழுந்த ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையால்தான். ரோடியர் மில் என்று சொன்னால் புதுவையில் தெரியாதவர் இல்லை. ஆனால் ஆலை வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னமே இந்தத் தென்திசைச் சாலை வேறொரு காரணத்தால் பெயர் பெற்றிருந்தது. தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர் இருந்தனர். புதுவையில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். ஒருவர்மேல் ஒருவர் படையெடுக்கும்போதெல்லாம் இந்தத் திசையில் வாழ்ந்தவர்களே முதலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. ஓடிப்போவதும், போனவர் திரும்பிவந்து சுவர் எழுப்புவதும் இந்தப் பக்கத்துக் குடிகளுக்குப் புதிய அனுபவங்கள் அல்ல. ஆகவே, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எருசலேமில் அதே நிலையில் நின்ற ஜனங்களை நோக்கி ஒரு தீர்க்கதரிசி கேட்ட கேள்வி நமக்கும் அந்நியமாகத் தோன்றாது.

எருசலேமின் பதினாறு ஆண்டுகள்

யூதர்களின் தேவாலயத்தைப் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் கி.மு. 586-இல் இடித்துக் கொளுத்தி, ஜனங்களில் முக்கியமானவர்களைச் சிறைப்பிடித்துக்கொண்டு போனான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், பாபிலோனை வென்ற பாரசீகச் சக்கரவர்த்தி கோரேசு அவர்களைத் தாய்நாடு திரும்ப அனுமதித்தான். ஆலயத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளவும் உத்தரவு கொடுத்தான். திரும்பியவர்கள் உற்சாகத்தோடு அஸ்திவாரம் போட்டார்கள். பழைய ஆலயத்தைத் தம் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் அந்த அஸ்திவாரத்தைப் பார்த்து உரக்க அழுதார்கள் என்றும், இளையவர்களின் ஆரவாரத்தினின்று அந்த அழுகையைப் பிரித்தறிய முடியாதிருந்தது என்றும் எஸ்றாவின் ஆகமம் சொல்கிறது. அதன்பின் அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு வந்தது; அரசாங்கத்தில் கோள் சொல்லப்பட்டது; மழை பொய்த்தது; வேலை நின்றது. நின்ற வேலை பதினாறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

கி.மு. 520-ஆம் ஆண்டு, தரியு அரசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், ஆறாம் மாதத்து முதல் நாள், ஆகாய் என்ற தீர்க்கதரிசி தேசாதிபதி செருபாபேலுக்கும் பிரதான ஆசாரியன் யோசுவாவுக்கும் முன்னால் வந்து நின்றார். அவர் யார், எந்தக் குலத்தவர், என்ன வயதினர் என்று எதுவும் அவருடைய ஆகமத்தில் இல்லை. இரண்டே அதிகாரங்களும் 38 வசனங்களும் கொண்ட அந்தச் சிறு நூலில் இருப்பதெல்லாம் நாளும் மாதமும் குறித்துப் பதிவுசெய்யப்பட்ட சில பேச்சுகளே. ஆலயம் கட்டுவதற்குக் காலம் இன்னும் கனியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஜனங்களை நோக்கி அவர் கேட்டதன் சாரம் இது: உங்கள் வீடுகளுக்கு மரப்பலகை வேய்ந்து அழகுபார்ப்பதற்குக் காலம் கனிந்திருக்கிறது, தேவனுடைய வீடு பாழாய்க் கிடக்க, அதற்கு மட்டும் காலம் கனியவில்லையோ? மிகுதியாக விதைத்தும் கொஞ்சமே அறுக்கிறீர்கள். உண்டும் பசி தீரவில்லை. உடுத்தும் குளிர் நீங்கவில்லை. கூலி வாங்குகிறவனின் கூலி ஓட்டைப் பையில் போட்டதுபோல் ஒழிந்துபோகிறது. உங்கள் நடத்தையைச் சற்றே யோசித்துப் பாருங்கள், மலையேறி மரம் வெட்டிக் கொண்டுவாருங்கள், கட்டத் தொடங்குங்கள்.

இந்தப் பேச்சில் இரண்டு அம்சங்களைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஒன்று, அவர் ஏழைகளின் குடிசையைக் குறைசொல்லவில்லை. பலகை வேய்ந்த வீட்டில் இருந்துகொண்டு பஞ்சத்தைச் சாக்குச் சொன்னவர்களையே கண்டித்தார். மற்றொன்று, வேறு எவனுடைய பொருளையும் பறித்துக்கொண்டு வரும்படி அவர் சொல்லவில்லை. அவரவரே மலையேறி, அவரவர் கையால் மரம் வெட்டிவரச் சொன்னார். வெள்ளியும் பொன்னும் தேவனுக்கு ஏற்கெனவே சொந்தமானவை என்று அடுத்த மாதமே அவர் வேறொரு பேச்சில் எடுத்துரைத்தார். அப்படியானால் தேவன் கேட்டது பொருளை அன்று, வரிசையை. முதலில் யார், பின்னர் யார் என்ற ஒழுங்கு ஜனங்களின் மனத்தில் தலைகீழாகிவிட்டது என்பதே அவருடைய வழக்கு. பேச்சு பலித்தது. அதே மாதம் 24-ஆம் நாள், அதாவது மூன்று வாரத்துக்குச் சற்றே மிகுந்த இடைவெளியில், வேலை மறுபடி தொடங்கிற்று, கி.மு. 515-இல் ஆலயம் நிறைவேறியது. தீர்க்கதரிசிகளின் வாக்கு அவர்கள் கண்முன்னே இவ்வளவு விரைவில் செயலான நிகழ்ச்சி விவிலியத்தில் அரிது.

இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டு புதுவைக்குத் திரும்புவோம்.

வேதபுரீசுவரரும் சம்பா கோயிலும்

பிரெஞ்சுக் கும்பினியின் பட்டணமாகப் புதுவை உருவாகிய காலத்தில், ஊரின் நடுவே வேதபுரீசுவரர் ஆலயம் இருந்தது. 1689-இல் வந்துசேர்ந்த பிரெஞ்சுச் சேசு சபைப் பாதிரிமார், பதினான்காம் லூயி மன்னனின் உதவியைக்கொண்டு 1692-இல் ஒரு தேவாலயம் கட்டினார்கள். மறு ஆண்டே ஒல்லாந்தர் புதுவையைக் கைப்பற்றியபோது அது இடிக்கப்பட்டது. ரிஸ்விக் உடன்படிக்கையின்படி ஊர் திரும்பக் கிடைத்து, 1699-இல் பிரான்சுவா மர்த்தேன் மீண்டும் வந்தபின் வேலை புதிதாகத் தொடங்கியது. 1728 முதல் 1736 வரை பெரியதொரு கோயில் அங்கே எழுந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் அந்தக் கோயிலுக்கு ஊரார் வழங்கிய பெயர் சம்பா கோயில். அதற்கும் ஈசுவரன் கோயிலுக்கும் இடையே இருந்தது ஒரு மதில்தான்.

இரண்டு தெய்வங்களின் வீடுகள் ஒரே மதிலைப் பகிர்ந்துகொண்டு நிற்பது தமிழ்நாட்டுக்கு விநோதமன்று. ஆனால் அந்நாளைய பாதிரிமாரின் மனோபாவத்தில் அது சகிக்கத்தக்கதாக இல்லை. ஈசுவரன் கோயிலை மூடவைக்கும் முயற்சி 1701-லேயே நடந்தது. அதைக் கேள்வியுற்ற இந்துக் குடிகள் திரளாகக் கூடி, ஊரை விட்டே வெளியேறத் தயாராகிவிட்டார்கள். நெசவாளரும் வர்த்தகரும் வெளியேறினால் கும்பினிக்குத் துணியும் இல்லை, வரவும் இல்லை என்பதை மர்த்தேன் நன்கு அறிந்தவர்; ஆகவே அவர் விட்டுக்கொடுத்தார். அந்தக் குடிகளுடைய செய்கையை ஆகாயின் அளவுகோலால் அளந்து பார்ப்போமானால், வீடு வாசல், தறி, கடை அனைத்தையும் இரண்டாமிடத்தில் வைத்துத் தம் தெய்வத்தின் வாசலை முதலிடத்தில் வைத்தவர்கள் அவர்களே என்பது விளங்கும். அவர்கள் எவர்மீதும் கல்லெறியவில்லை. தம் சொந்த நஷ்டத்தைப் பந்தயமாக வைத்தார்கள்.

இதே வரிசைப் பிரச்சினை ஒரு தனி மனிதரின் வாழ்விலும் வந்தது. கும்பினியின் பெரிய துபாஷி உத்தியோகம் அந்நாளில் ராஜ்யத்தில் பாதி என்று சொல்லத்தக்க செல்வாக்குடையது. அந்தப் பதவியில் 1708 முதல் இருந்த நயினியப்ப பிள்ளை இந்து. கிறிஸ்தவர் ஒருவரையே அந்தப் பதவியில் அமர்த்தவேண்டும் என்று சேசு சபையார் பாரிசு வரையில் எழுதிப் பிரயாசைப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்றால் பதவி நிலைக்கும் என்ற நிலை வந்தபோதும் அவர் மதம் மாறச் சம்மதிக்கவில்லை. 1716-இல் கவர்னர் எபேர் அவர்மீது துரோகக் குற்றம் சாட்டி வழக்கு நடத்தினான். கசையடியும், மூன்று ஆண்டுச் சிறையும், சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். பிற்பாடு பிரான்சில் அந்தத் தீர்ப்பு தள்ளப்பட்டது. ஆனால் போன உயிர் திரும்பவில்லை. அவருடைய மகன் குருவப்ப பிள்ளை நியாயம் கேட்டுப் பிரான்சுக்குக் கப்பலேறிப் போய், அங்கே ஞானஸ்நானம் பெற்று, செயின்ட் மிஷேல் விருதும் தரித்து, தந்தை இழந்த பதவியோடு திரும்பிவந்தார். தந்தை செய்தது சரியா, மகன் செய்தது சரியா என்று தீர்ப்புச் சொல்ல வரலாற்றாசிரியனுக்கு அதிகாரம் இல்லை. மகனின் மனத்தில் மெய்யான விசுவாசம் பிறந்திருக்கக்கூடாது என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. ஆயினும் தந்தையின் காரியத்தில் ஒன்று தெளிவு: பதவியும் பணமும் உயிரும் போனபின்னரும் தெய்வத்தின் இடம் அவரிடம் மாறவில்லை.

கனகராய முதலியாரின் விருந்து

குருவப்ப பிள்ளைக்குப் பின் பெரிய துபாஷியாக வந்த கனகராய முதலியார் பரம்பரைக் கிறிஸ்தவர். புதுவை பிரெஞ்சுக்காரரிடம் வந்த தொடக்க நாள்களிலேயே பூந்தமல்லிப் பக்கத்தினின்று வந்து குடியேறிய தானப்ப முதலியாரின் வமிசம். செல்வத்துக்குக் குறைவில்லை, செல்வாக்குக்கும் குறைவில்லை. குறை வேறிடத்தில் வந்தது. அவருடைய மகன் வேலவேந்திரன் இளவயதிலேயே இறந்துவிட்டான். மகனுக்கென்று சேர்த்த செல்வத்தை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன செய்வான்? பட்டணத்துக்கு மேற்கே உழவர்கரையில் அர்ச். அந்திரேயர் பெயரால் ஒரு தேவாலயம் கட்டினார்.

1745-ஆம் ஆண்டு நவம்பரில், அந்திரேயர் திருநாளை ஒட்டி, அந்தக் கோயில் நிறைவேறியதன் கொண்டாட்டம் நடந்தது. அந்த விருந்தின் வருணனை நமக்குக் கிடைப்பது, அவரோடு நெருங்கிப் பழகினாலும் அவரைப் போட்டியாளராகவே கருதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிச் சேதிக்குறிப்பிலே. கவர்னர் துய்ப்ளேயும் அவர் மனைவியும் வந்தனர். வெள்ளைக்கார துரைமார் வந்தனர். பிராமணர் முதலாக எல்லாச் சாதியாரும் வந்தனர். வந்தவர்கள் அவரவர் ஆசாரம் கெடாதபடி உண்பதற்கு வெவ்வேறாகச் சமையலும் இடமும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தன. கிறிஸ்தவராய் இருந்துகொண்டு, கிறிஸ்தவக் கோயில் விழாவை இந்துக்களின் வழக்கப்படி நடத்தினாரே என்று பிள்ளை சற்றே குத்தலாகக் குறித்துவைக்கிறார். அந்தக் குத்தலே இன்று நமக்கு அவருடைய புகழுரையாகத் தோன்றுகிறது. தம் தேவனுக்கு வீடு கட்டியவர், அந்த வீட்டின் திருநாளில் அடுத்தவரின் மனச்சாட்சிக்கும் இடம் வைத்தார். கோயிலுக்கு ஆன செலவு அவருடைய சொந்தச் செலவு. அதற்காக எவருடைய கோயிலும் ஓர் ஓட்டையும் இழக்கவில்லை. 1746 பிப்ரவரியில் அவர் காலமானார். செருபாபேலின் ஜனங்கள் மலையேறி வெட்டிய மரத்துக்கு ஒப்பாகப் புதுவையில் எதையாவது காட்டவேண்டுமானால், உழவர்கரைக் கோயிலைக் காட்டலாம்.

1748 செப்டம்பர்

இரண்டே ஆண்டில் காட்சி மாறிற்று. ஈசுவரன் கோயிலுக்குள் அசுத்தம் வீசப்பட்டதையும், அதனால் ஊர் கொந்தளித்ததையும் பிள்ளை 1746-லேயே பதிந்திருக்கிறார். 1748 ஆகஸ்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவென் தேவனாம்பட்டினத்தினின்று புறப்பட்டு, முதலில் அரியாங்குப்பத்துக் கோட்டையைத் தாக்கினார். அங்கே வெடிமருந்துக்கு நெருப்புப் பிடித்ததால் பிரெஞ்சுக்காரர் அதைக் கைவிட்டுப் பட்டணத்துக்குள் ஒதுங்கினர். முதலியார்பேட்டைப் பக்கமெல்லாம் போர்க்களமாயிற்று. வெளியே பீரங்கி முழங்கிக்கொண்டிருந்த அந்தச் செப்டம்பர் மாதத்தில், முற்றுகையைச் சாக்காக வைத்துக்கொண்டு, மதிலுக்கு அப்பாலிருந்த வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. சாதித் தலைவர்களான மகாநாட்டார் கூடிப் பேசினார்கள்; முறையிட்டார்கள்; தமக்குள் ஒற்றுமை இல்லாமல் கலைந்தார்கள். கவர்னரின் மனைவியும் சேசு சபைப் பாதிரிமாரும் பல காலமாக விரும்பியிருந்தது நிறைவேறிவிட்டது என்று பிள்ளை மிகுந்த துக்கத்தோடு எழுதுகிறார். எடுத்துச் செல்லக்கூடிய விக்கிரகங்களை மட்டும் காளத்தீசுவரன் கோயிலுக்குக் கொண்டுபோக முடிந்தது.

இடித்தவர்கள் தம்மைத் தேவனுக்கு முதலிடம் கொடுத்தவர்களாகவே எண்ணியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆகாயின் பேச்சை அவர்கள் மறுபடி வாசித்திருந்தால், தாம் செய்ததற்கு அங்கே ஓர் எழுத்தும் ஆதரவில்லை என்பதைக் கண்டிருப்பார்கள். எருசலேமில் பின்னுக்குத் தள்ளப்பட்டது அவரவர் சொந்த வீடு. புதுவையில் தரைமட்டமாக்கப்பட்டது அயலாரின் கோயில். முன்னது தியாகம், பின்னது அதிகாரம். அதிகாரத்தின் செய்கைக்குப் பக்தியின் பெயரைச் சூட்டுவது எல்லா மதத்திலும், எல்லாக் காலத்திலும் நடந்துவந்திருக்கிறது. அதனால் அது பக்தியாகிவிடாது.

அந்த முற்றுகை மழைக்காலம் நெருங்கவே அக்டோபரில் கலைந்தது. துய்ப்ளேயின் புகழ் உச்சிக்கு ஏறிற்று. கோட்டைக்குள்ளே ஆண்டுக்கணக்காக எழுந்துவந்த கவர்னர் மாளிகை 1752-இல் நிறைவேறியது. தீர்க்கதரிசி சொன்ன பலகை வேய்ந்த வீடுகளின் வரிசையில் அதற்கே முதலிடம் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு கழித்துத் துய்ப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். 1763-இல் பாரிசில் கடனாளியாக இறந்தார். மாளிகை நின்றது ஒன்பதே ஆண்டு.

இடிபாட்டின்மேல்

லாலி 1758-இல் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்தான். அதற்குப் பழியாக ஆங்கிலேயர் 1761-இல் புதுவையை இடித்தார்கள். அந்த இடிப்பில் கோட்டை, மாளிகை, கிடங்கு என்ற பேதமின்றி எல்லாம் வீழ்ந்தன; 1736-இல் முடிந்த சம்பா கோயிலும் வீழ்ந்தது. பதின்மூன்று ஆண்டுக்கு முன் மதிலின் ஒருபுறம் நடந்தது இப்போது மறுபுறமும் நடந்தது. இதைத் தெய்வ தண்டனை என்று அந்நாளில் பேசியவர்கள் இருந்திருக்கலாம். அத்தகைய கணக்கை நாம் போடவேண்டியதில்லை. வீழ்ந்த கோயிலில் கிடந்த கல்லைப் பார்த்து அழுத கிறிஸ்தவக் கிழவிக்கும், 1748-இல் விக்கிரகத்தைச் சுமந்துசென்ற அர்ச்சகருக்கும் துக்கம் ஒன்றுதான். ஈசுவரன் கோயில் வீழ்ந்ததைக் கண்ணால் கண்டு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, இந்த இரண்டாவது வீழ்ச்சியைக் காணவில்லை. ஊர் சரணடைவதற்குச் சில நாள் முன்னரே அவர் கண்மூடினார்.

1763-இல் பாரிசு உடன்படிக்கை ஆயிற்று. 1765-இல் ழான் லா தெ லோரிஸ்தோன் வந்து புதுவையை ஏற்றுக்கொண்டார். பழைய அஸ்திவாரங்களின்மீதே வீடுகள் எழும்பின. நெசவாளர் திரும்பினர், கடைகள் திறந்தன. வீடுகள் எழுந்து ஐந்தாண்டு கடந்தபின், 1770-இல், சம்பா கோயிலின் புதிய கட்டடம் தொடங்கிற்று. இங்கேயும் எருசலேமைப்போல் தடைமேல் தடை. 1773-இல் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார். கட்டத் தொடங்கியவர்களுக்குச் சபை இல்லாமற்போயிற்று. 1776-இல் பாரிசு வெளிநாட்டு வேதபோதக சபையார் பொறுப்பை ஏற்றனர். 1778-இல் ஆங்கிலேயர் மறுபடி ஊரைக் கைப்பற்றினர். 1785-இல்தான் அது பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. பிரான்சிலோ புரட்சி மூண்டு, அரசனின் கஜானாவும் ஆலயங்களின் சொத்தும் ஆட்டங்கண்டன. இவ்வளவுக்கும் நடுவே, இருபத்தோர் ஆண்டு விடாமல் இழுத்துச்சென்ற வேலை 1791-இல் முடிந்தது. மிஷன் வீதியில் இன்று நிற்கும் கோயில் அதுவே. அரசனின் பணத்தால் கட்டிய முதற் கோயில் ஓராண்டு நின்றது; அரசே ஆட்டங்கண்ட காலத்தில் கட்டி முடித்த இந்தக் கோயில் இரண்டு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

அதே காலப்பகுதியில், மதிலின் மறுபுறத்துக் குடிகளும் வாளாவிருக்கவில்லை. பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்காகக் காத்துக்கொண்டிருக்கவும் இல்லை. திவான் கந்தப்ப முதலியார் முன்னின்று, ஊராரிடம் பொருள் திரட்டி, வேறிடத்தில் வேதபுரீசுவரருக்குப் புதிதாக ஆலயம் எடுத்தார். ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் இன்றுள்ள ஆலயம் அதுதான். நாற்பது ஆண்டளவு அந்நியக் கோயிலில் அடைக்கலமாயிருந்த ஈசுவரனுக்கு அவருடைய ஊரில் மறுபடி ஒரு வீடு கிடைத்தது. அதைக் கட்டிய தலைமுறையும் இடிபாட்டினின்று எழுந்துவந்த தலைமுறையே. அவர்கள் கையிலும் மிச்சமிருந்தது கொஞ்சமே. பழி தீர்க்கும் எண்ணத்தோடு எவர் மதிலையும் அவர்கள் தொட்டதாகச் செய்தியில்லை.

ஆக, ஒரே ஊரில், ஒரே தலைமுறையில், இரண்டு சமயத்தாரும் தத்தம் தெய்வத்துக்கு இழந்த வீட்டைத் திரும்பக் கட்டினார்கள். எருசலேமின் முதியவர்கள் இரண்டாம் ஆலயம் முதலாவதற்கு ஈடாகாதென்று வருந்தினார்கள் அல்லவா? அவர்களை நோக்கி ஆகாய், பிந்தின ஆலயத்தின் மகிமை முந்தினதை விஞ்சும் என்றும், அந்த இடத்தில் சமாதானம் அருளப்படும் என்றும் தேறுதல் சொன்னார். புதுவையைப் பொறுத்தமட்டில் அந்தத் தேறுதல் ஒரு விதத்தில் மெய்யாயிற்று என்று சொல்லலாம். முந்தின இரண்டு கோயில்களும் ஒரே மதிலைப் பகிர்ந்துகொண்டு அரை நூற்றாண்டு வழக்காடின. பிந்தின இரண்டும் சில வீதி தள்ளி நின்றுகொண்டு இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் வாழ்ந்திருக்கின்றன. மாதா திருநாளும் ஈசுவரன் உற்சவமும் வருஷந்தோறும் நடக்கின்றன. கடைக்காரர்கள் இரண்டுக்கும் பூ விற்கிறார்கள்.

தெய்வத்துக்கு முதலிடம் என்ற சொல்லைப் புதுவையின் இந்த நூறு ஆண்டுகளில் பலரும் சொன்னார்கள். அதை மெய்யாகச் செய்தவர்கள் யார் என்று கேட்டால், வரலாறு தரும் பட்டியல் வியப்பானது. ஊரை விட்டுப் போகத் துணிந்த 1701-ஆம் ஆண்டுக் குடிகள், பதவிக்காக மனச்சாட்சியை விற்காத நயினியப்ப பிள்ளை, மகனின் செல்வத்தைக் கோயிலாக்கி அயலாருக்கும் பந்தி வைத்த கனகராய முதலியார், ஊர் கைமாறிக் கைமாறி வந்தபோதும் கட்டட வேலையைக் கைவிடாத வேதபோதகர்களும் கிறிஸ்தவக் குடிகளும், கந்தப்ப முதலியாரின் பின்னே பொருள் திரட்டிக் கொடுத்த பெயர் தெரியாத ஊரார். இவர்கள் ஒரே மதத்தினர் அல்லர். ஆயினும் இவர்களை ஒரே வரிசையில் நிறுத்தும் பொது இலக்கணம் ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் கொடுத்தது தம்முடையதை. 1748-இல் இடித்தவர்களின் பெயர்கள் இந்தப் பட்டியலில் சேரா. அவர்கள் கொடுத்தது பிறருடையதை.

கடன்பட்டு இறந்த கவர்னரின் மாளிகையில் எஞ்சியது எதுவும் நம் கண்ணுக்குத் தென்படவில்லை. அந்தக் காலத்தில் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கற்றூண்கள் மட்டும் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கின்றன. கோயில்கள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. புதுவைக்கு வருகிற வாசகர்கள் மிஷன் வீதிக் கோயிலையும் ஈசுவரன் கோயிலையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். இரண்டையும் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் இந்த ஊரின் வரலாற்றில் பாதியைத்தான் பார்த்தவராவார்.

அடுத்த இதழில், 1778-ஆம் ஆண்டு முற்றுகையையும், ஏழாண்டு ஆங்கிலேய ஆட்சியில் புதுவைக் குடிகள் பட்ட பாட்டையும் காண்போம்.